பனிப்புயலும் பெயர்சூட்டலும்: ஒரு வழக்கின் வரலாறு

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இரண்டாகப் பகுப்பது நம் இலக்கண மரபு. மரம், மலை என்பன காரணம் அறியப்படாமல் வழங்குவன. பறவை, நாற்காலி என்பன காரணம் பற்றி வந்தன. பள்ளிச் சிறுவரும் அறிந்த இப்பாகுபாடு, மேலைநாட்டு வானிலை அறிஞரிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு வழக்கைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணைநிற்கிறது. குளிர்காலப் புயல்களுக்குத் தனித்தனியே பெயரிடலாமா, இடலாம் எனின் அவ்வுரிமை யாருக்கு உரியது என்பதே அவ்வழக்கு. அறிவியலார் வழக்கில் இலக்கிய வட்டத்தாருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெயரிடுதல் மொழியின் தொழில். மொழி நம் தொழில். ஆதலின் பத்தாண்டு நிறைவு மலரில் இவ்வழக்கின் வரலாற்றைத் தொகுத்துரைப்பது பொருந்தும் எனக் கருதுகிறேன்.

காற்றுக்குப் பெயரிடுவது நமக்குப் புதியதன்று. கீழ்த்திசைக் காற்றைக் கொண்டல் என்றும், மேல்திசைக் காற்றைக் கோடை என்றும், வடதிசைக் காற்றை வாடை என்றும், தென்திசைக் காற்றைத் தென்றல் என்றும் முன்னோர் வழங்கினர். குளிர்காலத்து வாடையைப் பெயரிலேயே தாங்கி நிற்பது நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை. பிரிந்த தலைவிக்கு நெடிதாகவும் பாசறையில் உள்ள தலைவனுக்கு நல்லதாகவும் அமைந்த வாடை என்று உரைகாரர் அப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஒரே காற்று, இருவருக்கு இருவேறு பெயர். இக்கருத்தை மனத்திலிருத்திக் கொள்வோம். பின்னர் இது பயன்படும். எனினும் வாடை என்பது பொதுப்பெயர். ஆண்டுதோறும் வரும் காற்றுக்கெல்லாம் அது உரியது. இன்ன ஆண்டு, இன்ன நாளில், இன்ன ஊரில் வீசிய ஒரு காற்றுக்கு மட்டும் உரிய சிறப்புப்பெயர் வேறு. வழக்கு எழுந்தது அச்சிறப்புப்பெயர் பற்றியே.

நினைவு இட்ட பெயர்கள்

முன்னாளில் குளிர்காலப் புயல்களுக்கு அவை வந்து சென்ற பின்னரே பெயர் அமைந்தது. இட்டவர் இன்னார் என்று கூற இயலாது. பட்டவர் அனைவரும் இட்டனர்.

அயர்லாந்து நாட்டில் 1839ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் இரவு வீசிய புயலை அந்நாட்டு மக்கள் 'பெருங்காற்று இரவு' என்று தம் ஐரிஷ் மொழியில் வழங்கினர். கூரைகள் பறந்தன, உயிர்கள் மாண்டன, பெயர் நின்றது. எழுபது ஆண்டுகள் கழித்து, 1909 சனவரியில், முதியோர் உதவித்தொகைச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தபோது அப்பெயருக்கு ஓர் எதிர்பாராத வேலை கிடைத்தது. உதவித்தொகை பெற எழுபது வயது நிரம்பியிருக்க வேண்டும். சிற்றூர் முதியோர் பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. 'பெருங்காற்று இரவு எனக்கு நினைவிருக்கிறது' என்று கூறியவர்களின் சொல் வயதுக்குச் சான்றாக ஏற்கப்பட்டது. ஒரு புயலின் பெயர் ஏழை முதியவர் ஒருவருக்கு உணவளித்தது என்பது வரலாற்றில் அரிய செய்தி. நம் ஊர்களிலும் 'புயலடித்த ஆண்டில் பிறந்தவன்' என்று வயதைக் கணக்கிடும் வழக்கம் உண்டன்றோ?

அமெரிக்காவின் நடுச் சமவெளியில் 1888ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் வந்த பனிப்புயலுக்குப் 'பள்ளிப் பிள்ளைகள் பனிப்புயல்' என்று பெயர். அன்று காலை வானம் வெளுத்து இதமாக இருந்தது. பல நாள் கடுங்குளிருக்குப்பின் வந்த அவ்விதத்தை நம்பிப் பிள்ளைகள் கனத்த மேலாடையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். உழவர் வயலுக்குச் சென்றனர். நெபிராசுக்காவிலும் தக்கோட்டாவிலும் பகற்பொழுதிலேயே புயல் மோதிற்று. கைநீட்டிய தொலைவும் தெரியாத பனித்தூளில், பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே வழிதவறிப் பிள்ளைகள் மாண்டனர். மாண்டோர் 235 பேர் என்பது பலரும் கூறும் கணக்கு. மின்னி ஃபிரீமன் என்னும் இளம் ஆசிரியை, பள்ளிக் கூரை பறந்தபின் தம் மாணவர்களை ஒருவரும் குறையாமல் அழைத்துச் சென்று காத்தார். பிள்ளைகளை ஒரே கயிற்றில் பிணைத்து அழைத்துச் சென்றார் என்று கதை வழங்குகிறது. ஆசிரியப் பணியில் உள்ளோர் இவ்வரலாற்றைப் படித்துவிட்டு எளிதில் அப்பால் செல்ல இயலாது.

வாசிங்டன் நகரில் 1922 சனவரி 28ஆம் நாள், பனியின் சுமை தாங்காமல் நிக்கர்பாக்கர் திரையரங்கின் கூரை இடிந்து விழுந்தது. படம் பார்த்துக்கொண்டிருந்தோரில் 98 பேர் இறந்தனர். அப்பனிப்புயல் அன்றுமுதல் 'நிக்கர்பாக்கர் புயல்' ஆயிற்று. 1940 நவம்பர் 11இல், முதல் உலகப்போர் ஓய்ந்த நினைவு நாளில் வந்த புயல் 'போர்நிறுத்த நாள் பனிப்புயல்' எனப்பட்டது.

இவையனைத்தும் காரணப்பெயர்கள். இடம், நாள், இறந்தோர் ஆகிய மூன்றுள் ஒன்று ஒவ்வொரு பெயரிலும் உள்ளது. வரலாற்றாசிரியருக்கு இவை கல்வெட்டுக்கு நிகரானவை. ஆயினும் ஒரு குறை உண்டு. இப்பெயர்களால் இறந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. பெயர் பிறந்தபோது புயல் போய்விட்டிருந்தது.

புதினத்தில் பிறந்த வழக்கம்

வருமுன்னரே, அல்லது வந்துகொண்டிருக்கும்போதே, புயலுக்குப் பெயரிட்டவர்களுள் முதல்வராகக் கருதப்படுபவர் கிளெமென்ட் ராகி. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் 1887 முதல் அரசு வானிலையாளராக இருந்தவர். முதலில் கிரேக்க எழுத்துகளையும், பின்னர்ப் புராண மாந்தரின் பெயர்களையும், தென்கடல் தீவுப் பெண்களின் பெயர்களையும் அவர் புயல்களுக்கு இட்டார். 1899 மார்ச்சில் முத்துக்குளிக்கும் கலங்களை அழித்து 300க்கும் மேற்பட்டோரைக் கொன்ற 'மகினா' புயல் அவர் பெயரிட்டதே. தமக்கு உடன்படாத அரசியலாரின் பெயர்களையும் அவர் புயல்களுக்குச் சூட்டினார். அரசியலார் ஒருவர் கடலில் திசையறியாது அலைகிறார் என்று அரசு அறிக்கையிலேயே எழுதும் வாய்ப்பு வேறு யாருக்குக் கிட்டும்? பெயரிடும் உரிமை ஒருவர் கையில் தனித்துச் சேர்ந்தால் அது விருப்பு வெறுப்புக்கு இரையாகும் என்பதற்கு முதல் சான்றும் அவரே. அவர் பணி நீங்கியபின் அவ்வழக்கமும் நீங்கியது.

அதனை மீண்டும் உயிர்ப்பித்தது ஒரு புதினம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக விளங்கிய சார்ச் ஸ்டூவர்ட், 1941இல் 'புயல்' என்னும் பெயரிய புதினத்தை வெளியிட்டார். அதன் தலைமை மாந்தர் ஒரு புயலே. பசிபிக் கடலில் பிறந்து, கலிபோர்னியாவை அடைந்து, மலைகளில் பனியாய்ப் பொழியும் அப்புயலின் பன்னிரண்டு நாள் வாழ்வே கதை. வானிலை அலுவலகத்து இளம் ஊழியர் ஒருவர் அதற்கு 'மரியா' என்று பெயரிடுகிறார். மேலதிகாரிகள் நகைப்பர் என அஞ்சி அப்பெயரைத் தம் நெஞ்சிலேயே மறைத்துக்கொள்கிறார். இப்பேராசிரியர் 1945இல் அமெரிக்க ஊர்ப்பெயர்களின் வரலாற்றையும் எழுதியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் கடலில் பணியாற்றிய அமெரிக்கப் படை வானிலையாளர்கள் புயல்களுக்குப் பெண்பெயர்களை இட்டு வழங்கினர். அப்புதினத்தின் தாக்கம் அதில் உண்டென்பர். அட்லாண்டிக் கடலின் சூறாவளிகளுக்கு 1950இல் படைத்துறை எழுத்துக் குறிப்பெயர்களும், 1953இல் பெண்பெயர்களும் வந்தன. இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. புதினத்து மரியா வெப்பமண்டலச் சூறாவளி அன்று; அது ஒரு குளிர்காலப் புயல். அதாவது, இன்று உலகெங்கும் வழங்கும் பெயர்சூட்டல் முறை ஒரு குளிர்காலப் புயலின் கதையிலிருந்து கிளைத்துச் சூறாவளிகளைச் சென்றடைந்தது. குளிர்காலப் புயல்களுள் பலவோ இன்னும் நெடுங்காலம் பெயரின்றியே திரிந்தன.

அழிவுக்கெல்லாம் பெண்பெயரா என்ற வினா எழாமல் இருக்குமா? புளோரிடாவைச் சேர்ந்த பெண்ணுரிமைப் போராளி ராக்சி போல்டன் 1970களில் இதனை எதிர்த்துத் தொடர்ந்து வாதிட்டார். முதலில் எள்ளி நகையாடியோர் இறுதியில் இசைந்தனர். 1978இல் கிழக்குப் பசிபிக் கடலிலும் 1979இல் அட்லாண்டிக் கடலிலும் ஆண்பெயர்கள் இடம்பெற்றன. ஆங்கில நாளிதழ்கள் சூறாவளியை 'அவள்' என்று சுட்டி, அவள் சீறினாள், மனம் மாறினாள் என்றெல்லாம் எழுதிக் களித்த காலம் அத்துடன் தேயலாயிற்று. பெண்பெயர் கொண்ட சூறாவளிகளை மக்கள் குறைவாக அஞ்சுவதால் அவற்றில் இறப்பு மிகுதி என்று 2014இல் ஓர் ஆய்வு கூறிற்று. எல்லாப் புயலுக்கும் பெண்பெயரே வழங்கிய ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டமையால் அம்முடிவு பொருந்தாது என்று பிற அறிஞர் மறுத்தனர்.

விலைக்கு வந்த பெயர்

குளிர்நாட்டுப் புயல்களுக்கு முறையாகப் பெயரிட்ட முன்னோடி பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் வானிலையியல் நிறுவனம். 1954இல் கார்லா வேகே என்னும் மாணவி, வரைபடத்தில் உள்ள அழுத்தப் பகுதிகளுக்கு ஆட்பெயர் இட்டால் தொடர்ந்து கண்காணிக்க எளிதாகும் என்று கூறினார். தாழ்வழுத்தத்துக்குப் பெண்பெயரும் உயரழுத்தத்துக்கு ஆண்பெயரும் இடப்பட்டன. தாழ்வழுத்தம் புயலும் மழையும் கொணர்வது. உயரழுத்தம் பெரும்பாலும் தெளிந்த வானம் தருவது. தீயது பெண்ணுக்கும் நல்லது ஆணுக்கும் என்று ஆனது தற்செயலோ அன்றோ, 1990இல் 'விவியன்', 'வீப்கே' ஆகிய புயல்கள் ஐரோப்பாவை உலுக்கி இப்பெயர்களை இதழ்கள்தோறும் கொண்டுசேர்த்த பின்னர், அது பொதுமக்கள் வழக்காயிற்று. விவாதங்களுக்குப்பின் 1998 முதல் ஆண்டுக்கொருமுறை மாற்றி இடும் முறை வந்தது.

2002 முதல் அந்நிறுவனம் பெயர்களைக் கட்டணத்துக்கு வழங்கியது. வேண்டுவோர் பணம் செலுத்தித் தம் பெயரையோ தம் அன்பர் பெயரையோ ஓர் அழுத்தப் பகுதிக்குச் சூட்டலாம். வரும் பணம் மாணவர்கள் நடத்தும் வானிலை நோக்குப் பணிக்குச் செல்கிறது. நோக்கம் நல்லதே. ஆயினும் 2012இன் தொடக்கத்தில் நிகழ்ந்தது எண்ணத்தக்கது. கார் நிறுவனம் ஒன்று தன் வண்டியின் பெயரான 'கூப்பர்' என்பதை ஓர் உயரழுத்தப் பகுதிக்கு விளம்பரமாக வாங்கிற்று. அதன் விளம்பரத்தார் தெளிந்த வானத்தை எண்ணினர். வந்ததோ சைபீரியக் கடுங்குளிர். கிழக்கு ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கானோர் அக்குளிர் அலையில் இறந்தனர். செய்திகளில் சாவும் வண்டியின் பெயரும் சேர்ந்து வந்தன. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. விலைகொடுத்து வாங்கிய இடுகுறிப்பெயர் சில நாள்களில் காரணப்பெயர் ஆகிவிட்டது.

அதே சந்தை மற்றொரு வகையிலும் பயன்பட்டது. 2021இல் குடியேறிய மரபினரின் இதழாளர் அமைப்பு ஒன்று செருமனியில் சில பெயர்களை வாங்கி, அவற்றுக்கு அகமது முதலான குடியேறியோர் பெயர்களை இட்டது. நாட்டு மக்களில் பெரும்பகுதியினரின் பெயர்கள் வானிலை அறிக்கையில் ஒலிப்பதே இல்லை என்பது அவர்கள் வாதம். பெயரிடப்படுதலை இழிவாகக் கருதிய பெண்கள் ஒருபுறம். பெயரிடப்படாமையை இழிவாகக் கருதிய குடியேறியோர் ஒருபுறம். இரண்டு வழக்கும் நேர்மையானவையே. பெயர் என்பது எவ்வளவு ஆழமான உடைமை என்பதை இரண்டும் காட்டுகின்றன.

அமெரிக்க வழக்கு

இவ்வழக்கு உச்சம் கண்டது அமெரிக்காவில். வெதர் சேனல் என்னும் தனியார் தொலைக்காட்சி, 2012 அக்டோபரில், வரும் பருவம் முதல் குளிர்காலப் புயல்களுக்குத் தானே பெயரிடப்போவதாக அறிவித்தது. பட்டியலில் அத்தீனா, புரூட்டசு, சீசர் எனத் தொடங்கி, பிளேட்டோ, வர்சில் எனச் சென்று, யோகி, சியசு என முடிந்தன பெயர்கள். முதற்புயல் அத்தீனா நவம்பரிலேயே வந்தது. 'சாண்டி' சூறாவளியால் சிதைந்து மீளாத அதே கரையை அது தாக்கிற்று. அம்மாதமே தேசிய வானிலைத் துறை, தன் அறிக்கைகளில் குளிர்காலப் புயல்களின் பெயர்களைத் தான் கையாள்வதில்லை என்று தன் அலுவலர்க்கு நினைவூட்டியது. போட்டி நிறுவனமான அக்யுவெதரின் தலைவர் சோயல் மையர்சு, இது அறிவியலும் அன்று, பாதுகாப்பும் அன்று, விளம்பரமே என்ற கருத்தில் கண்டித்தார்.

மறுத்தோர் வாதங்கள் மூன்று. முதலாவது இலக்கணம் பற்றியது. வெப்பமண்டலப் புயலுக்கு ஒரு மையம் உண்டு. காற்று மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டினால் பெயர் என்று ஒரு வரையறை உண்டு. குளிர்காலப் புயலுக்கு அத்தகைய தெளிந்த எல்லை இல்லை. அது பரந்து விரிந்தது. ஒன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். ஒரே புயல் ஒரு மாநிலத்தில் மூன்றடிப் பனியாகவும், அடுத்ததில் உறைமழையாகவும், அதற்கடுத்ததில் வெறுந்தூறலாகவும் விழும். எதற்குப் பெயர்? இங்கேதான் நெடிதும் நல்லதுமான வாடை நினைவுக்கு வருகிறது. இரண்டாவது, பொது எச்சரிக்கைக்குப் பொறுப்பான அரசுத் துறையைக் கலந்துகொள்ளாமல் தனியார் ஒருவர் பெயரிட்டால் மக்கள் குழம்புவர் என்பது. மூன்றாவது, பெயர் பார்வையாளரைக் கவரும். கவர்ச்சிக்காகச் சிறு புயலும் பெரும்புயல் ஆக்கப்படும். அடுத்தமுறை உண்மையாகவே பெரியது வரும்போது மக்கள் நம்பார் என்பது.

ஆதரித்தோரும் வலுவாகவே வாதிட்டனர். பெயருள்ளதைப் பற்றிப் பேசுவது எளிது. பேசப்படுவது நினைவில் நிற்கும். நினைவில் நிற்பதற்கு மக்கள் ஆயத்தமாவர் என்றனர். 2013 பிப்ரவரி 8, 9 ஆகிய நாள்களில் வந்த 'நெமோ' அவர்களுக்குச் சான்றாயிற்று. கனெக்டிகட் மாநிலத்து ஹாம்டன் நகரில் 40 அங்குலப் பனி பொழிந்தது. அரசுத் துறை பெயரை மறுத்தபோதும், நியூயார்க் மேயர் அலுவலகம் டுவிட்டரில் 'நெமோ' என்ற குறிச்சொல்லையே பயன்படுத்திற்று. மக்கள் வழக்கு அதிகாரத்தை வென்றது. நெமோ என்பதற்கு இலத்தீனில் 'யாருமில்லை' என்று பொருள். ஒற்றைக்கண் அரக்கனிடம் தன் பெயர் 'யாருமில்லை' என்று கூறித் தப்பிய கிரேக்க வீரன் ஒடிசியசின் கதையைக் கவிஞர்கள் அறிவர். இப்புயலுக்குப் பெயரிட அதிகாரம் பெற்றவர் யார் என்று கேட்டாலும் விடை அதுவே.

இருவருக்கும் இடைப்பட்ட ஓர் உண்மையும் உண்டு. கனெக்டிகட்டின் தொலைக்காட்சி நிலையம் ஒன்று 1971 முதலே குளிர்காலப் புயல்களுக்குப் பெயரிட்டு வந்தது. எவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பெயரிட மறுத்த தேசிய வானிலைத் துறையின் பஃபலோ கிளையே ஏரிப்பனிப் புயல்களுக்குப் பருவந்தோறும் ஒரு வரிசைப் பெயர்களை இட்டுவந்தது. 2006 அக்டோபரில் இலையுதிராத மரங்கள்மேல் பனி பொழிந்து பஃபலோவின் மரங்களை முறித்த புயலுக்கு, பூச்சிகளின் வரிசைப்படி 'அசுவினி' என்று அக்கிளை பெயரிட்டது. ஊரார் அதனை ஏற்கவில்லை. 'அக்டோபர் வியப்பு' என்றே வழங்கினர், இன்றும் வழங்குகின்றனர். இடுகுறியைத் தள்ளிக் காரணத்தைக் கொண்டனர் மக்கள். அலுவலகம் பெயரை அறிவிக்கலாம். நிலைக்கச் செய்ய இயலாது.

பின்னாளில் அத்தொலைக்காட்சி தன் பெயரிடலுக்கு ஓர் அளவுகோலை வகுத்தது. தேசிய வானிலைத் துறையின் எச்சரிக்கை எத்தனை மக்களுக்கு, எவ்வளவு பரப்புக்கு விடுக்கப்பட்டுள்ளது என்பதே அவ்வளவுகோல். எச்சரிப்பது அரசு, பெயரிடுவது தனியார் என்றாயிற்று.

இரு தீவுகளின் உடன்பாடு

பிரிட்டனிலும் குழப்பம் இருந்தது. 2011 டிசம்பரில் ஸ்காட்லாந்தைத் தாக்கிய புயலுக்குப் பெர்லினார் ஒரு பெயர் இட்டிருந்தனர். ஸ்காட்லாந்து மக்களோ, நாகரிகம் கருதி ஈண்டு எழுதவியலாத ஒரு வட்டார வசைச்சொல்லை இட்டு அதனை உலகறியச் செய்தனர். 2013 அக்டோபர் 28இல் வந்த புயலுக்கு, அது புனித யூதாவின் திருநாள் என்பதால், இதழ்கள் அவர் பெயரை இட்டன. தாமாகப் பெயரிடாவிடில் பிறர் இடுவர் என்பதைத் துறையினர் உணர்ந்தனர். பிரிட்டனின் வானிலைத் துறையும் அயர்லாந்தின் வானிலைத் துறையும் இணைந்து, பொதுமக்களிடம் பெயர் கேட்டுப் பெற்று, 2015இல் பட்டியல் வெளியிட்டன. முதற்புயல் 'அபிகேல்' அவ்வாண்டு நவம்பரில் வந்தது. 2019இல் நெதர்லாந்தும் சேர்ந்தது.

இம்முறையின் சிறப்பு எளிது. எந்தத் துறை எச்சரிக்கை விடுக்கிறதோ அதுவே பெயரும் இடுகிறது. கடுமையான எச்சரிக்கைக்கு வாய்ப்புள்ள புயலே பெயர் பெறுகிறது. பெயர் என்றாலே ஆபத்து என்று மக்கள் பழகினர். ஆயினும் எல்லை கடந்தால் பெயர் மாறும். 2020 பிப்ரவரியில் பிரிட்டனின் 'கியாரா'வே செருமனியின் 'சபீனே'. 2022 பிப்ரவரியின் 'யூனிசு'வே அங்கு 'செய்னெப்'. புயலுக்கு எல்லை இல்லை, பெயருக்கு உண்டு.

2025 சனவரி 24ஆம் நாள் 'இயோவின்' புயல் அயர்லாந்தைத் தாக்கியது. டோல்கின் படைத்த வீராங்கனையின் பெயர் அது. மேசு முனையில் காற்று மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, 1945 முதல் நிலைத்திருந்த அந்நாட்டு உச்சவரம்பை முறியடித்தது. சுமார் 7,68,000 மின் இணைப்புகள் அறுந்தன. ஆனால் நாடு முழுவதற்கும் முன்னதாகவே செந்நிற எச்சரிக்கை விடுக்கப்பட்டு, பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டு, மக்கள் வீட்டினுள் இருந்தனர். 1839இன் பெருங்காற்றில் நூற்றுக்கணக்கானோர் இறந்த அதே மண்ணில் இம்முறை உயிரிழப்பு மிகச் சிறிது. இதனைப் பெயரின் வெற்றி என்று கூறிவிட முடியாது. கருவிகள், சாலைகள், கல்வீடுகள், செய்தித்தொடர்பு ஆகிய பலவற்றின் வெற்றி அது. அவற்றுள் பெயருக்கும் ஒரு பங்குண்டு எனலாம், அவ்வளவே.

நம் கடலின் பெயர்கள்

வங்கக்கடலின் பெரும்புயல்களுள் பல நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருவன. நம் கூதிரும் முன்பனியும் அவற்றின் பருவம். அவையும் நெடுங்காலம் காரணப்பெயராலேயே அறியப்பட்டன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கு அவ்வூரே பெயர். இந்தியா, இலங்கை உள்ளிட்ட எட்டு நாடுகள் 2000இல் மஸ்கட்டில் கூடி இசைந்ததன் பயனாக 2004 முதல் இக்கடலிலும் பெயரிடல் தொடங்கிற்று.

இங்கும் வழக்கு எழாமல் இல்லை. 2013 மே மாதத்தில் ஒரு புயலுக்கு இலங்கை தந்திருந்த 'மகாசேன்' என்ற பெயர் வந்தது. மின்னேரிக் குளம் கட்டி மக்களை வாழ்வித்த மன்னன் பெயரை அழிவுக்கு இடுவதா என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது; பெயர் கைவிடப்பட்டு 'வியாரு' என்றாயிற்று. அரசியல், சமயம், பண்பாடு, பால் ஆகியவற்றில் சார்பற்ற பெயர்களே வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டுப் பட்டியலின் நெறி. அதில் இந்தியா அளித்த பெயர்களுள் 'முரசு', 'நீர்' என்பனவும் உள. அறிவிப்பதற்கென்றே அமைந்த கருவியின் பெயர் புயலுக்குப் பொருந்துவதே.

நம் மொழி இவ்வழக்கில் செய்துகாட்டிய ஒன்றைக் குறிக்காமல் விடலாகாது. 2008 நவம்பரில் 'நிஷா' வந்தபோது தமிழ் நாளிதழ்கள் 'நிஷா புயல் கரையைக் கடந்தது' என்றே எழுதின. கடந்தாள் என்று எழுதவில்லை. பெண்பெயர் இட்டாலும் திணை மாறவில்லை. போல்டன் அம்மையார் போராடிப் பெற்றதை நம் வினைமுற்று ஓசையின்றி வைத்திருந்தது.

ஆயினும் பெருமிதம் கொள்ள இடமில்லை. 2017 நவம்பர் 30ஆம் நாள் குமரிக்கடலில் ஒரு தாழ்வு விரைந்து வலுத்துப் புயலாகி 'ஒக்கி' என்று பெயர் பெற்றது. அது வங்கமொழியில் கண்ணைக் குறிக்கும் சொல். அப்பெயர் பிறந்தபோது குமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் மீனவர் ஆழ்கடலில் இருந்தனர். அவர்கள் காதுக்கு அப்பெயர் எட்டவில்லை. பலர் திரும்பவில்லை. பெயர் இருந்தது, கேட்க வேண்டியவரிடம் அது சென்று சேரவில்லை. 1888இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்ந்ததும் 2017இல் மீனவர்க்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே.

துணிபு

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைக் கூறத் துணிகிறேன். முதலாவது, புயலுக்கு வருமுன் பெயரிடும் உரிமை, எச்சரிக்கும் கடமையோடு பிணைந்தது. தவறினால் விடைகூறக் கடமைப்பட்டவரே பெயரிட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் அல்லர். இரண்டாவது, பெயர் எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது. கடைசிப் படகுக்கும் கடைசிப் பள்ளிக்கும் சென்றடையாத பெயர் வெறும் ஒலி. மூன்றாவது, அலுவலகம் இடும் பெயர் இடுகுறியே. அதனைக் காரணப்பெயர் ஆக்குவது மக்களின் நினைவு. நெமோ என்பது பட்டியலில் ஒரு சொல். 40 அங்குலப் பனியை வாரியவருக்கு அது ஒரு காரணம். ஒக்கி என்பது பட்டியலில் ஒரு சொல். தூத்தூரிலும் வள்ளவிளையிலும் அது காரணம்.

அந்நினைவைக் காப்பது கவிஞரின் கடன். அடுத்த பருவத்துக்கான பெயர்கள் இப்போதே பட்டியல்களில் எழுதப்பட்டுள்ளன. இறந்தோரின் பெயர்களுக்கு அத்தகைய பட்டியல் முன்கூட்டி இராது. நம் வட்டத்துக் கவிஞர்கள் வருங்காலத்தில் ஒரு புயலைப் பாட நேர்ந்தால், அதன் பெயரோடு, அதில் சென்றவர்களின் ஊர்களையும் பெயர்களையும் சேர்த்தே பாட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.